மிச்ச அரைப் பேருக்கு வந்த பேய்

ஐம்பத்து மூன்று வயதில் குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக் குளித்தவன் நான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள்.

காரணம் பேய்ப் பயம். முகத்துக்குச் சோப்புப் போட்டால் கண்ணை மூட வேண்டும். மூடினால் முன்னால் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. அதனால் இடது கண்ணைத் திறந்துகொண்டு வலது பக்கம் தேய்ப்பேன், பிறகு வலது கண்ணைத் திறந்துகொண்டு இடது பக்கம். கந்தப்பளைக் குளிரில், வெந்நீர்ப் புகையெல்லாம் கதவு வழியாக வெளியே போக, ஒற்றைக் கண்ணோடு நடுங்கிக் குளிக்கிற ஒரு தொப்பைக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செய்யாவிட்டால் இன்னும் நல்லது.

கதவு திறந்திருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டில் பார்ப்பதற்கு ஆள் கிடையாது.

என்னை அப்படி ஆக்கியது ஒரு படம். அந்தப் படத்தை நூற்றைம்பது பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக் கிண்டல் பண்ணியவனும் நான்தான். அதுதான் இந்த வாரக் கதை.

மாடி வீடும் மைக்கும்

கந்தப்பளை பஜாரில் எங்களுடையது இரும்புச் சாமான் கடை. ஆணி, பெயின்ட், கூரைத் தகரம், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. கடைக்கு மேலே வீடு. மனைவி கொழும்பில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் என்று மூன்று மாதத்துக்குப் போனவள். அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறது.

சண்டை ஒன்றும் இல்லை. தினமும் பேசுகிறோம். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைப்பாள். நான் பாதி நேரம் குக்கர் விசிலோடு பேசிக்கொண்டிருப்பேன். விசிலும் நல்லாத்தான் பதில் சொல்லும்.

பகலில் கடையில் ஆட்கள் வருவார்கள். சாயந்தரம் கதவுப் பலகை போட்டதும் பஜார் அடங்கிவிடும். மூடுபனி இறங்கி எதிர்க்கடை போர்டைக்கூட மறைத்துவிடும். அந்த நேரத்துக்குப் பயந்துதான் நான் பேச்சாளன் ஆனேன் என்று இப்போது நினைக்கிறேன். திருவிழா, கல்யாணம், விளையாட்டுப் போட்டி, எங்கே மைக் இருந்தாலும் அங்கே நான் இருப்பேன்.

ஒரு தடவை தேர்த் திருவிழாவில் யாரோ ஒருவருடைய பல்செட் மண்டபத்தில் கிடந்தது. அறிவிக்கச் சொன்னார்கள். "உரியவர் மேடைக்கு வந்து சிரித்துக் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்" என்றேன். கோயிலே குலுங்கிச் சிரித்தது. பல்செட்டுக்காரர் வரவேயில்லை. வலப்பனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் என்று பிறகு தெரிந்தது. புதுப் பல் கட்டும்வரை சோற்றைக் கரைத்துக் குடித்தாராம்.

அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும். அந்தக் கதையையும் அடுத்த கல்யாணத்தில் ஜோக்காகச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

பெயின்ட் டின்னில் ஒரு இயக்குநர்

கடை மூடுகிற நேரத்துக்குத் தவறாமல் வருகிறவன் ஞானசேகர். முப்பது முப்பத்திரண்டு வயது. கல்யாண வீடியோ எடுப்பான், கடைகளுக்குக் கேமரா பூட்டுவான். என் கடை வாசலில் ஒரு பெயின்ட் டின் அவனுடைய ஆசனம். ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவோம். உண்மையைச் சொன்னால், நான் பேசுவேன், அவன் கேட்பான்.

ஒரு சாயந்தரம் மட்டும் அவன் பேசினான். பேய்ப் படம் எடுக்கப்போகிறானாம். கதையைச் சொன்னான்.

அதற்கு முன்னால், தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஆள் எடுத்து, ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். தேயிலைச் செடி வரிசையைத்தான் நிரை என்பது. நாள் முழுக்க வேலை செய்து, சொன்ன அளவு கொழுந்து நிறுத்தால் செக்ரோல் என்கிற சம்பளப் புத்தகத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். பாதியில் போனால் அரைப் பேர். ஏன் போனீர்கள் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது.

படத்தில் ராசாத்தி என்று ஒருத்தி. மலையில் கொழுந்தெடுக்கும்போது குளவி கலைந்து கொட்டிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லொறியிலேயே செத்துப் போகிறாள். அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர் போடுகிறார்கள். மறுவாரத்திலிருந்து தினமும் மத்தியானத்துக்கு மேல், ஆள் இல்லாத ஒரு நிரையில் கொழுந்து எடுபடுகிறது. மிச்ச அரை நாளை முடிக்க வந்திருக்கிறாள்.

கேட்டதும் எனக்கு முதுகில் சில்லென்றது. உடனே, "பேய்க்கும் நிர்வாகம் சம்பளத்துல சேமலாப நிதி பிடிக்குமாடா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நானும் தப்பித்தேன்.

குறைகள், என் தொப்பை உட்பட

உடப்புசல்லாவை போகிற வழியில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தார்கள். ஒரு கேமரா, இரண்டு லைட், ஒரு சவரி முடி. குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதுதான் சுலபமாக வரும்.

முதல் குறை நான். ராசாத்தி கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு எட்டாவது நிமிடத்தில் பயந்து சாகிற கண்டாக்கையா, அதாவது தோட்டத்து மேற்பார்வைக்காரர் வேடம் எனக்கு. செத்துக் கிடக்கிறேன், தொப்பை மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது. ஞானசேகர் மூச்சைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். கேமரா ஓடிய நேரத்துக்கும் என் மூச்சுக்கும் ஒத்துவரவில்லை.

அடுத்தது மூடுபனி. அது யாருக்கும் கட்டுப்படாது. ஒருவர் கேள்வி கேட்கும்போது வெயில், மற்றவர் பதில் சொல்லும்போது ஆளே தெரியாத பனி. பதில் வேறு மாவட்டத்திலிருந்து வருகிறது என்று நினைக்கத் தோன்றும்.

பூசாரி உடுக்கை அடிக்கும்போது கையில் கடிகாரம் மினுக்குகிறது. ஆண்கள் ஐந்து பேருக்கும் ஞானசேகரே குரல் கொடுத்ததால், ஐந்து பேரும் சண்டை போடும் காட்சியில் ஒரு மனிதன் தன்னைத்தானே திட்டிக்கொள்வதுபோல் இருக்கும்.

பெரிய குறை, பேயின் வயது. ராசாத்தியாக நடிக்க ஹட்டனிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தது. சாகிற காட்சியை எடுத்து முடித்த இரண்டாம் நாள், காலில் அட்டை ஏறியதும் பஸ் ஏறிவிட்டது. பேயாக நடிக்க ஆள் இல்லை. அந்தத் தோட்டத்திலேயே கொழுந்தெடுக்கும் பாக்கியம் என்பவர் தானாக முன்வந்தார். ஐம்பது வயது இருக்கும். அதனால் ராசாத்தி சாகும்போது முப்பது வயது, பேயாக வரும்போது ஐம்பது. செத்த பிறகும் வயசு போகிற பேயை நான் அங்கேதான் கண்டேன்.

கடைசிக் குறை கடைசிக் காட்சியில். படம் முழுக்க அவள் பெயர் ராசாத்தி. முடிவில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கூப்பிட்டு முழுப் பேர் போட வேண்டும். போடுகிறார். ஆனால் கூப்பிடுகிற பெயர் "செல்லம்மா".

நிறைகள்

இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

ஒரு காட்சி. பெண்கள் கூடையோடு நிறுவைக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஊர்க்கதை பேசுகிறார்கள். இசை இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது பெண்ணுக்கும் நான்காவது பெண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி. வரிசை நகருகிறது, இடைவெளியும் நகருகிறது. பின்னால் நிற்கிறவள் முன்னால் போய் ஒட்டுவதில்லை. ஏன் போகவில்லை என்று அவளுக்கே தெரியாது. அவ்வளவுதான் காட்சி. இதற்குச் செலவு கிடையாது. எந்தப் பெரிய படத்திலும் நான் இப்படிப் பயந்ததில்லை.

இன்னொன்று சத்தம். வெறும் நிரையில் கொழுந்து ஒடிகிற சத்தம். தோட்டத்துப் பக்கம் வாழ்கிறவர்களுக்குத் தெரியும், இரண்டு கையும் ஓடும்போது அது ஒரு தாளம்போல் கேட்கும். கையைக் காட்டாமல் அந்தத் தாளத்தை மட்டும் கேட்க வைத்தான்.

மூன்றாவது, இடைவேளைக்குச் சற்று முன்னால் வருவது. ராசாத்தி தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு, தன் வீட்டுக்குப் போகிறாள். புருஷன் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். ரேடியோ பாடுகிறது. அவன் ரேடியோவில் வருகிற அறிவிப்பாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறான். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போய்விடுகிறாள்.

ஒரு பேய்கூடத் தனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போன மனிதன் அவன்.

சிரித்த மண்டபம்

தோட்டத்து மண்டபத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் படம் போட்டார்கள். பெண்கள் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குகளை எடுத்து ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். உள்ளே கொழுந்து வாசமும் ஈரக் கம்பளி வாசமும். புரொஜெக்டர் ஒரு தேவாலயத்திலிருந்து வந்தது.

முன்வரிசையில் ஒரு தியேட்டர்க்காரர் உட்கார்ந்திருந்தார். ஞானசேகர் மாதக்கணக்காகக் கெஞ்சி வரவழைத்தவர். அவருக்குப் பிடித்தால் தன் தியேட்டரில் ஒரு காட்சி போடுவார். ஒரே ஒரு காட்சி, ஆனால் தியேட்டரில். ஞானசேகருக்கு அதுதான் உயிர். இடைவேளையில் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லும்படி என்னிடம் மைக்கைக் கொடுத்திருந்தான்.

அந்தச் சாப்பாட்டுக் காட்சி முடிந்து லைட் போட்டார்கள். மண்டபம் சத்தமில்லாமல் இருந்தது. பெண்கள் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு அந்த அடுப்படி கண்ணைவிட்டுப் போகவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் கையில் மைக்.

இங்கே கொஞ்சம் பழைய கதை. நான் பொடியனாக இருந்தபோது லயத்தில் யாராவது ஒரு வீட்டுக்கு வாடகை வீடியோ டெக் வரும். ஞாயிற்றுப் பகலில் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையில் நாற்பது பேர் அடைந்து பேய்ப் படம் பார்ப்போம். பயம் உச்சிக்கு ஏறும்போது யாராவது ஒருவர் கட்டாயம் ஒரு கோணல் பேச்சுப் பேசுவார். நாற்பது பேரும் சிரிப்போம், பேய் ஓடிவிடும். அந்த ஒருவர் என்ன பாடுபட்டுக்கொண்டு பேசினார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் என் தொப்பையிலிருந்து தொடங்கினேன். செத்த கண்டாக்கையா ஏன் மூச்சு விடுகிறார் என்றால், பின்னேரம் கள்ளுக்கடைக்குப் போக வேண்டியிருக்கிறது என்றேன். சிரித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்படி மறைந்துபோனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பூசாரியின் கடிகாரத்துக்குப் போனேன். பிறகு மூடுபனிக்கு, பிறகு பேயின் வயதுக்கு. தியேட்டர்க்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஞானசேகர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் இருட்டில் இருந்தது, நான் பார்க்கவுமில்லை.

அதற்கப்புறம் அது பேய்ப் படமாக இல்லை. வரிசையில் அந்த இடைவெளி நகர்ந்தபோதும் சிரித்தார்கள். கொழுந்து ஒடிகிற சத்தத்துக்கு யாரோ தாளம் போட்டார்கள்.

கடைசிக் காட்சி. கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறந்து, "செல்லம்மா" என்று கூப்பிடுகிறார். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"யாருங்க அது செல்லம்மா? பேய்க்கும் டூப்பா?" என்றேன்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில், திரையில் பேய் திரும்பி "வந்துட்டேங்க" என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் வரிசையில் பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தியேட்டர்க்காரர் போகும்போது ஞானசேகரின் தோளில் தட்டி, கொமடியாகவே எடுத்திருந்தால் ஒரு காட்சி போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயர் சுற்றும்போது

எல்லாரும் போனபின் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஞானசேகர் வந்து படங்குகளைக் கழற்றினான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"அண்ணே, அது டூப்பு இல்ல," என்றான். "செல்லம்மாங்கிறது பாக்கியம்க்காவோட தங்கச்சி. குளவி கொட்டிச் செத்தது அவங்கதான். அன்னைக்கு அவங்களுக்குப் போட்டதும் அரைப் பேருதான்."

நான் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"நடிக்கிறதுக்கு ஒண்ணும் வேணாம்னுட்டாங்க. கடைசியில அந்தப் பேரக் கூப்பிடணும், எல்லாரும் கேக்கணும், முழுப் பேரு போடணும். அதத்தான் கேட்டாங்க."

குளவி கொட்டி ஒரு பெண் செத்தது எனக்கும் நினைவிருந்தது. அந்த வாரம் கடையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆணி நிறுத்துக் கொடுத்திருப்பேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

ஆள் இல்லாத டின்

மறுநாள் சாயந்தரம் இரண்டு பிளேன்டீ சொன்னேன். ஞானசேகர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒன்றுதான் சொன்னேன். தேத்தண்ணிக் கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம்.

அவன் படத்தை இணையத்தில் போட்டிருந்தான். கடை பூட்டிய ஒரு போயா பௌர்ணமி விடுமுறையில், மாடியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை. கோணல் பேச்சுப் பேச ஆள் இல்லை. பேசினேன், என் குரல்தான் திரும்பி வந்தது.

அன்றைக்குத்தான் குளியலறைக் கதவு திறந்தது. சோப்போடு கண்ணை மூடும்போது முன்னால் வந்து நின்றது வெள்ளைச் சேலை இல்லை, சவரி முடி இல்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்குள் வர ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போகிற ஒரு முதுகு.

மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று போன் எடுத்தேன். "ராத்திரி என்ன சாப்புட்டீங்க?" என்றாள். கடைப் பாண் என்றேன். "பருப்பாவது வைக்கக் கூடாதா?" என்றாள். அதற்குள் விசில் வந்துவிட்டது.

நிறுவைக் கொட்டில்

குளியலறைக் கதவு திறந்த பன்னிரண்டாம் நாள், கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டுப் பாக்கியம் வேலை செய்கிற மலைக்குப் போனேன். ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தேன். என் மூச்சு இரைத்ததைக் கேட்டிருந்தால் ஞானசேகர் இனி எந்தப் படத்திலும் எனக்குப் பிண வேடம் கொடுக்க மாட்டான்.

பெண்கள் நிறுவைக்கு நின்றார்கள். என்னையறியாமல் வரிசையில் இடைவெளி தேடினேன். இல்லை. முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி, "மொதலாளி, பேய் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் கொழுந்தைக் கொட்டி, பதிவதைப் பார்த்துவிட்டு, படங்கை உதறிக்கொண்டு என்னிடம் வந்தார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒரு ஜோக். வாய் திறந்ததும் அதுவே வந்தது. மைக்கைப் பஜார் பள்ளத்தில் வீசிவிட்டேன், அதுவும் இனிமேல் பேயாகத்தான் அலையும் என்றேன்.

பாக்கியம் கேட்டுக்கொண்டு நின்றார். கையில் கொழுந்துக் கறை. நான் சொன்னது காற்றில் நின்று, பிறகு இல்லாமல் போயிற்று.

அதன்பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னேன். செல்லம்மா யார் என்று தெரியாது, தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். படத்தில் குறை இருந்ததால் கிண்டல் பண்ணவில்லை, அந்தப் புருஷன்காரன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு அந்த மண்டபத்தில் சும்மா இருக்க எனக்குப் பயமாக இருந்தது என்றேன். இதை நான் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பாக்கியம் படங்கை மடித்துக் கூடைக்குள் வைத்தார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"பயமா இருந்திச்சுன்னா பயந்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதானே மொதலாளி. எந் தங்கச்சி பேருக்கு என்னையே சிரிக்க வச்சிட்டீங்க."